வெளிவேலைக்கு அனுப்பப்பட்ட காப்பகவாசிகள்: பாதுகாப்பின் வரலாறு

அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையவர்கள் என்று முத்திரை குத்திக் காப்பகத்தில் வைத்திருந்தவர்களை, பேரேட்டிலிருந்து பெயரை நீக்காமலேயே வெளியே ஒரு வீட்டிலோ பண்ணையிலோ ஆலையிலோ வேலைக்கு விடும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவலாக இருந்தது. இங்கிலாந்தில் இதற்கு லைசென்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் பரோல் என்றார்கள். இப்படிப் போனவர் விடுதலை ஆனவர் அல்லர். பகலெல்லாம் ஊராரைப் போல உழைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் காப்பகத்து ஆள்தான். கண்காணிப்பாளர் நினைத்தால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அவருடைய கூலி யார் கைக்குப் போகும், இராத்திரி எங்கே படுப்பார், அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வார் என்ற கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் தேட இரு நாடுகளுக்கும் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஊரை இவர்களிடமிருந்து காக்கும் சட்டங்கள்தான் முதலில் வந்தன. இவர்களை முதலாளியிடமிருந்து காக்கும் சட்டங்கள் வெகு தாமதமாக, அதுவும் அரைகுறையாக வந்தன.

இங்கிலாந்தின் 1913 சட்டம்

இங்கிலாந்தில் 1904இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் ஒன்று 1908இல் அறிக்கை கொடுத்தது. அதன் வழியே பிறந்ததுதான் 1913ஆம் ஆண்டின் மனக்குறைபாட்டுச் சட்டம். 1914 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம் மக்களை நான்கு வகையாகப் பிரித்தது: இடியட், இம்பெசைல், ஃபீபிள் மைண்டட், மாரல் இம்பெசைல். முதல் இரண்டும் கடுமையான குறைபாட்டைக் குறித்தன. பின் இரண்டிலும் யாரை வேண்டுமானாலும் அடைக்க இடமிருந்தது. கவனிப்பாரற்றுக் கிடந்தவர், பிழைக்க வழியற்றவர், சிறு குற்றத்தில் பிடிபட்டவர் எல்லாரும் இந்த வலையில் விழுந்தார்கள். ஏழைகளுக்கான அரசு உதவியில் வாழும்போது, மணமாகாமல் கருவுற்ற அல்லது பிள்ளை பெற்ற பெண்ணையும், குறைபாடு உடையவள் என்று சான்று கிடைத்தால், காப்பகத்தில் வைக்கலாம் என்று சட்டம் தனியாகவே எழுதி வைத்தது. பரம்பரை கெட்டுவிடும் என்று படித்தவர்களே அஞ்சிய காலம் அது.

பீங்கான் தொழிலில் பேர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஜோசையா வெட்ஜ்வுட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், இது தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் மசோதா என்று சபையில் விடாமல் போராடினார். அவர் பக்கம் நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் பயந்ததெல்லாம் அடுத்த நாற்பது ஆண்டுகளில் நடந்தது என்பதால் இங்கே அவர் பெயரைச் சொல்வது கடமை.

சட்டத்தில் பாதுகாப்பு ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு மருத்துவர் சான்று, ஒரு நீதித்துறை அலுவலரின் ஆணை, ஓராண்டுக்குப் பிறகு மறுபரிசீலனை, அதற்குமேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், 21 வயதானதும் தனியாக ஒரு பார்வை, எல்லாவற்றுக்கும் மேலே லண்டனில் கட்டுப்பாட்டு வாரியம் என்று ஏடு நிறைய ஏற்பாடுகள் இருந்தன. ஆனால் உள்ளே இருப்பவர் தானே போய் வாதாடி வெளியேற ஒரு தீர்ப்பாயம் இல்லை. புதுப்பிக்கச் சொல்லி எழுதுபவர் காப்பகத்து மருத்துவர். அவர் எழுதியதை மறுக்க, எழுதப் படிக்கச் சொல்லித்தரப்படாத ஒருவருக்கு என்ன வழி?

லைசென்ஸ் நடந்த விதம்

முதல் உலகப் போருக்குப் பின் காப்பகங்களில் இடம் போதவில்லை. எல்லாரையும் ஆயுள் முழுக்க வைத்துச் சோறு போடுவது கட்டுப்படியாகாது என்பது நிர்வாகத்துக்கும் புரிந்தது. அதனால் பயிற்சி கொடுத்து, நன்னடத்தை பார்த்து, லைசென்ஸில் வெளியே அனுப்பும் முறை பெருகியது. 1929இல் வெளியான வுட் குழு அறிக்கை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 3 லட்சம் பேர் இந்த வகையில் அடங்குவர் என்று மதிப்பிட்டது. காப்பகம் ஆட்களைத் தேக்கி வைக்கும் இடமாக இல்லாமல், வாங்கி, பழக்கி, வெளியே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை.

பெண்கள் பெரும்பாலும் வீட்டு வேலைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறைகளும் சலவைக்கூடங்களும் அடுத்தபடி. ஆண்கள் பண்ணைக்கும் தோட்டத்துக்கும். கூலியில் சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் பிடித்தம் போகும். மிச்சத்தைக் காப்பகமோ அது நியமித்தவரோ வைத்துக்கொண்டு, கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். மாலையில் தனியே வெளியே போகக் கூடாது, ஆண்களோடு பழகக் கூடாது என்ற நிபந்தனைகள் பெண்களுக்கு வழக்கமானவை. எதிர்த்துப் பேசினாலோ ஓடிப்போனாலோ திரும்பக் காப்பகம்தான். லைசென்ஸில் இருந்து தப்பியவரைக் காப்பகத்திலிருந்து தப்பியவரைப் போலவே பிடித்து வரலாம்.

இவர்களைப் பார்த்துவரும் வேலையில் பெரும்பகுதி தன்னார்வச் சங்கங்களின் தலையில் விழுந்தது. இவற்றுக்கான மத்திய சங்கத்தின் செயலாளராக இருந்த ஈவ்லின் ஃபாக்ஸ், வீடு தேடிப் போய்ப் பார்க்கும் இந்தப் பணியை நாடு முழுவதும் கட்டி எழுப்பினார். அவருடைய உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. ஏற்பாட்டின் அமைப்பிலேயே ஓட்டை இருந்தது. பார்க்க வருபவர் வந்து நிற்பது எஜமானியின் வீட்டு வாசலில். அந்தப் பெண் தூங்குவதும் அதே வீட்டில். புகார் சொன்னால் முதலில் பறிபோவது எஜமானியின் வசதி அல்ல, இவளுடைய இடம்தான். வேலை, படுக்கை, நன்னடத்தைச் சான்று மூன்றும் ஒரே கையில் இருக்கும்போது, கண்காணிக்க வருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் காதுக்கு உண்மை போய்ச் சேராது.

1913 சட்டத்தின் 56ஆம் பிரிவு, காப்பகத்தில் இருக்கும் பெண்ணோடும், லைசென்ஸில் வெளியே வைக்கப்பட்ட பெண்ணோடும் உடலுறவு கொள்வதைக் குற்றமாக்கியது. வெளிவேலைக்குப் போனவரைப் பெயர் சொல்லிக் காத்த முதல் ஏற்பாடுகளில் இது ஒன்று. இதற்குப் பின்னால் இருந்த கவலை அந்தப் பெண்ணைப் பற்றியதா, அவளுக்குப் பிறக்கக்கூடிய பிள்ளையைப் பற்றியதா என்று கேட்டால், அக்கால விவாதங்களில் பிள்ளையைப் பற்றிய பேச்சே மேலோங்கி நிற்கிறது. கருவுற்றுத் திரும்பிய பெண்ணுக்கு லைசென்ஸ் போனது. அவளுடைய நடத்தைக் குறிப்பில் ஒரு கரும்புள்ளி ஏறியது.

இன்னொரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலக் காப்பகத்தை நடத்தியது அங்கே இருந்தவர்களின் உழைப்பு. துணி துவைப்பதும், காய்கறி விளைவிப்பதும், எழுந்து நடக்க முடியாத சக நோயாளிகளுக்குச் சோறு ஊட்டுவதும் அவர்கள்தான். ஆகவே யார் வெளியே போய்ப் பிழைக்கத் தகுதியானவரோ அவரைத்தான் காப்பகத்தால் விட மனம் வராது. வெளியே அனுப்பினாலும் விடுதலைச் சீட்டு தராமல் லைசென்ஸிலேயே ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள். ஒழுங்காக வேலை செய்தால் கட்டுப்பாடு பலன் தருகிறது என்று பொருள். தவறு செய்தால் கட்டுப்பாடு இன்னும் தேவை என்று பொருள். இரண்டு பக்கமும் கதவு அடைத்தே இருந்தது.

அமெரிக்காவின் காலனிகளும் பரோலும்

அமெரிக்காவில் இதே காலத்தில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்ற ஊரில் இருந்த அரசுக் காப்பகத்தின் கண்காணிப்பாளர் சார்லஸ் பெர்ன்ஸ்டைன், 1906இல் பண்ணைக் காலனி ஒன்றைத் தொடங்கினார். 1914இல் பெண்களுக்கு ஊருக்குள்ளேயே ஒரு வீடு எடுத்தார். அந்த வீட்டில் ஒரு பொறுப்பாளர் அம்மாள் இருப்பார். பெண்கள் காலையில் வீட்டு வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பி வருவார்கள். சில ஆண்டுகளில் நெசவாலை வேலைக்குப் போகும் பெண்களுக்கென்றும் தனிக் காலனி ஏற்பட்டது. வேலை கொடுப்பவர் வேறு, உறங்கும் இடம் வேறு என்று பிரித்ததில்தான் பெர்ன்ஸ்டைனின் பெருமை. மாலையில் முகம் வாடி வந்தால் கேட்க ஒருவர் இருந்தார். காலனியில் சில காலம், பிறகு பரோல், பிறகு விடுதலை என்று படிப்படியாகப் போகவும் வழி வைத்தார்.

மாசசூசெட்ஸில் வால்டர் ஃபெர்னால்ட், தம் காப்பகத்திலிருந்து 25 ஆண்டுகளில் வெளியேறியவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து 1919இல் வெளியிட்டார். இவர்கள் சமூகத்துக்கு ஆபத்து என்று முன்பு அடித்துப் பேசியவர் அவரே. தேடிப் போனபோது பலர் அமைதியாக உழைத்துப் பிழைப்பதைக் கண்டார். தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார்.

வர்ஜீனியா வேறு வழியில் போனது. கேரி பக் என்ற இளம்பெண் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் வீட்டு வேலை செய்து வளர்ந்தவர். அந்தக் குடும்பத்தின் உறவுக்காரன் தன்னைக் கெடுத்தான் என்பது அவர் பிற்காலத்தில் சொன்னது. கருவுற்றதற்காக அவரைத்தான் காலனி என்று பெயர் கொண்ட அரசுக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். 1927இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் அவருக்குக் கருத்தடை அறுவை செய்ய அனுமதி கொடுத்தது. அவ்வாண்டே அறுவை முடித்து, பரோலில் வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பல மாநிலங்களில் அறுவைக்குச் சம்மதித்தால்தான் வெளியே போகலாம் என்பது நடைமுறையானது. வேலை கொடுக்கும் வீட்டில் ஒரு பெண்ணுக்கு என்ன நேரக்கூடும் என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது. அதைத் தடுக்க அவர்கள் அந்த வீட்டு ஆண்களை அணுகவில்லை. அவளுடைய உடலை அறுத்தார்கள். இத்துறை வரலாற்றில் இதைவிட வெட்கக்கேடான பக்கம் இல்லை.

எதிர்ப்பும் 1959 சட்டமும்

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆள் பற்றாக்குறை. வெளியே விட முடியாது என்று சொல்லப்பட்டவர்கள் பண்ணைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்த்தார்கள். போர் முடிந்ததும் கேள்வி எழுந்தது: இவ்வளவு வேலை செய்யத் தெரிந்தவர்களை எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்? குடிமைச் சுதந்திரங்களுக்கான தேசிய மன்றம் 1951இல் ஒரு துண்டு நூல் வெளியிட்டது. சட்டத்துக்கு வெளியே ஐம்பதாயிரம் பேர் என்பது அதன் தலைப்பு. லைசென்ஸ் முறை மலிவான கூலியாட்களைப் பிடித்து வைக்கும் கருவியாகிவிட்டது என்பது அதன் முக்கியக் குற்றச்சாட்டு. நீல் ஓ'கானர், ஜாக் டிசார்ட் என்ற இரு உளவியலாளர்கள் லண்டனைச் சுற்றியிருந்த காப்பகங்களில் ஆய்ந்தபோது, ஃபீபிள் மைண்டட் என்று அடைக்கப்பட்டவர்களின் ஐ.க்யூ. சராசரி 70ஐ ஒட்டி இருந்தது. அதாவது, 70ஐ எல்லையாகக் கொள்ளும் அந்த அளவுகோலின்படியே ஏறக்குறையப் பாதிப் பேர் உள்ளே இருக்க வேண்டியவர்கள் அல்லர்.

1956இல் ரட்டி வழக்கு வந்தது. சிறு வயதிலிருந்து உள்ளாட்சி மன்றத்தின் பராமரிப்பில் இருந்த ஒரு பெண்ணை, 17 வயதில் கவனிப்பாரற்றவர் என்று சொல்லிக் காப்பகத்தில் அடைத்திருந்தார்கள். மன்றத்தின் பராமரிப்பில் இருந்தவர் எப்படிக் கவனிப்பாரற்றவர் ஆவார் என்று தலைமை நீதிபதி கோடார்ட் தலைமையிலான அமர்வு கேட்டு, அடைப்பு செல்லாது என்றது. அதே அடிப்படையில் அடைக்கப்பட்ட பலருடைய ஆணைகளைக் காப்பகங்கள் அவசரமாக எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

பெர்சி பிரபு தலைமையிலான அரச ஆணையம் 1957இல் அறிக்கை அளித்தது. 1959இல் மனநலச் சட்டம் பழைய சட்டத்தை ஒழித்தது. பெரும்பாலோர் கட்டாயமின்றி விருப்பத்தின்பேரில் தங்குபவர்கள் ஆனார்கள். கட்டாயத்தில் இருப்பவர் முறையிட மறுஆய்வுத் தீர்ப்பாயம் ஏற்பட்டது. லைசென்ஸுக்குப் பதில் விடுப்பு வந்தது. ஆறு மாதம் தொடர்ந்து வெளியே இருந்துவிட்டால் திரும்ப அழைக்கும் அதிகாரம் காலாவதியாகும் என்பது புது விதி. ஆண்டுக்கணக்கில் தலைக்கு மேல் தொங்கிய கத்தி இப்படித்தான் இறங்கியது. 1913இலேயே இந்த ஒரு விதியைச் சேர்த்திருந்தால் எத்தனை பேரின் இளமை மிஞ்சியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கூலிக் கணக்கு

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொண்டுவந்தது. அதன் 14ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழ் பெற்று அதைவிடக் குறைத்துக் கொடுக்கலாம் என்றது. வேலையே கிடைக்காமல் போவதைவிடக் குறைந்த கூலியாவது கிடைக்கட்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். காப்பகங்களுக்குள் கூலியில்லாமல் வேலை வாங்குவதும் சட்டமீறல் என்று 1973இல் சௌடர் வழக்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூலி கொடுக்க மனமில்லாத பல காப்பகங்கள் வேலையையே நிறுத்திவிட்டன. இன்னொரு பக்கம், காப்பகத்திலிருந்து ஆட்களை மொத்தமாக அழைத்துப்போகத் தனியார் ஒப்பந்தக்காரர்கள் முன்வந்தார்கள்.

அடாலிசா

அயோவா மாநிலத்தில் அடாலிசா சில நூறு பேர் வாழும் சிற்றூர். அங்கே மேட்டின்மேல் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். 1974 முதல் 2009 வரை, டெக்சஸ் அரசுக் காப்பகங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட ஆண்கள் அதில் தங்கியிருந்தார்கள். அழைத்து வந்தது டெக்சஸின் கோல்ட்த்வைட் ஊரைச் சேர்ந்த ஹென்றிஸ் டர்க்கி சர்வீஸ் என்ற நிறுவனம். முதலில் அங்குள்ள பண்ணையில் வான்கோழி வேலை பழக்கி, பிறகு ஆலைகளுக்கு அனுப்பினார்கள். இவர்களை வெளியே அனுப்பியதைச் சீர்திருத்தம் என்றுதான் அன்று எல்லாரும் நினைத்தார்கள்.

விடியுமுன் எழுப்பி, வண்டியில் ஏற்றி, பக்கத்து ஊர் வெஸ்ட் லிபர்ட்டியில் உள்ள ஆலைக்குக் கொண்டுபோவார்கள். தலைக்கு மேல் கொக்கிச் சங்கிலியில் வான்கோழிகள் வந்துகொண்டே இருக்கும். இறகு பிடுங்குவது, வயிற்றைக் காலி செய்வது, கழுத்துக்குள் கைவிட்டுத் தீவனப் பையை இழுத்து எடுப்பது இவர்கள் வேலை. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் இதையே செய்து பலருக்கு விரல்கள் கோணிப்போயின. ஊர்த் தொழிலாளி ஒருவர் அதே வரிசையில் நின்று முழு ஊதியம் வாங்கினார். இவர்கள் கைக்கு வந்தது மாதம் 65 டாலர். இருப்பிடம், சாப்பாடு, கவனிப்பு என்று மீதியைக் கழித்துக்கொண்டது நிறுவனம். அரசு ஊனமுற்றோருக்குத் தரும் உதவிப்பணமும், அவர்களுக்குப் பதிலாக வாங்கும் உரிமை பெற்ற அதே நிறுவனத்துக்குப் போனது. 65 டாலர் என்பது கடைசி வரை ஏறவேயில்லை.

ஊருக்கு இவர்கள் மேல் பிரியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வருவார்கள், ஊர்வலத்தில் வண்டி அலங்கரித்து வருவார்கள், கடைக்காரருக்கு எல்லார் பெயரும் தெரியும். அறுபது வயதானவரையும் பையன்கள் என்றே ஊர் அழைத்தது. உள்ளே நடந்தது பலருக்குத் தெரியாது. சொன்ன பேச்சுக் கேட்காதவரை எடை தூக்கிக்கொண்டு சுற்றி நடக்க வைத்ததும், அடித்து உதைத்ததும், நோய் என்றால் வைத்தியம் பார்க்காமல் விட்டதும் பிற்பாடு நீதிமன்றத்தில் வெளிவந்தன. 1987 ஜனவரியில் ஒருவர் ஓடிப்போனார். பனி உருகிய பிறகு வயல்வெளியில் அவர் உடல் கிடைத்தது. அதற்குப் பிறகும் அந்த வீடு 22 ஆண்டுகள் நடந்தது.

யாருமே எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1979இலேயே ஒரு சமூகப் பணியாளர் இந்த ஏற்பாடு தவறு என்று எழுதிக் கொடுத்தார். அவ்வாண்டு டி மாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழிலும் செய்தி வந்தது. பிற்காலத்தில் தொழிலாளர் துறையும் கூலிக் கணக்கில் மீறல் கண்டது. எதுவும் வீட்டை மூடவில்லை. காரணம் எளிமையானது, கொடுமையானது. உரிமம் தரும் துறை கேட்டால், இது காப்பகம் அல்ல, தொழிலாளர் குடியிருப்பு என்றது நிறுவனம். கூலியைப் பற்றிக் கேட்டால், இவர்கள் வெறும் தொழிலாளர்கள் அல்லர், நாங்கள் பராமரிக்கிறவர்கள் என்றது. டெக்சஸுக்கு அவர்கள் போய்விட்டவர்கள். அயோவாவுக்கு அவர்கள் வெளியூர்க்காரர்கள். ஆலைக்கு அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். இங்கிலாந்தின் பழைய லைசென்ஸ் முறையில் கூட மோசமாகவாவது ஒரு கண்காணிப்பாளர் பெயரளவில் பொறுப்பில் இருந்தார். இங்கே அதுவும் இல்லை.

2009 பிப்ரவரியில், குடியிருந்தவர் ஒருவரின் சகோதரி, இத்தனை ஆண்டு உழைத்த சகோதரன் கையில் காசே இல்லையே என்று விசாரிக்கத் தொடங்கியது செய்தியாளர் காதுக்குப் போனது. அதிகாரிகள் வந்து பார்த்தபோது ஜன்னல்கள் பலகை அடித்து மூடிக் கிடந்தன, கரப்பான் பூச்சிகள் மொய்த்தன, பலருக்கு வாயில் பல் இல்லை. மிச்சமிருந்த 21 பேரையும் வெளியேற்றினார்கள். அவர்களை ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்து, நிறுவனத்தார் யாரும் இல்லாத இடத்தில் பேசவைத்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே யாராவது அப்படி உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம்.

சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2012இல் நிலுவைக் கூலியாக 13 லட்சம் டாலருக்கு மேல் தர ஆணையானது. 2013 மே மாதம் டேவன்போர்ட் நகரில் ஜூரி, பாதிக்கப்பட்ட 32 பேருக்கும் தலா 75 லட்சம் டாலர், மொத்தம் 24 கோடி டாலர் தர வேண்டும் என்றது. அந்த ஆணையத்தின் வரலாற்றில் அதற்குமுன் இவ்வளவு பெரிய தீர்ப்பு வந்ததில்லை. சிறு நிறுவனம் தலைக்கு 50,000 டாலருக்கு மேல் தர வேண்டியதில்லை என்ற சட்ட உச்சவரம்பால் அது 16 லட்சம் டாலராகச் சுருங்கியது.

இன்றைய நிலை

பிரிட்டனில் 1999 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தபோது மாற்றுத்திறனாளிகளுக்கென்று குறைந்த விகிதம் வைக்கவில்லை. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம் பராமரிப்புப் பொறுப்பில் இருப்போரின் அத்துமீறலைத் தனிக் குற்றங்களாக விரித்தது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், கொடுமைக்கு ஆளாகக்கூடிய வயதுவந்தோரைப் பற்றி விசாரிப்பதை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது. அமெரிக்காவில் சில மாநிலங்கள் குறை ஊதியச் சான்றிதழைத் தங்கள் எல்லைக்குள் ஒழித்துவிட்டன. கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தப் பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை.

அடாலிசாவிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் அதே மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் வீடெடுத்துத் தங்கினார்கள். அறுபது வயதை ஒட்டிய காலத்தில் சிலர் முதன்முறையாகத் தங்கள் பெயரில் சம்பளக் காசோலை வாங்கினார்கள்.